பட்டியலை ஏற்க மறுத்த நகரம்

அரசு அஞ்சும் காலத்தில் இயற்றப்படும் சட்டங்கள் முதலில் எவர் வீட்டுக் கதவைத் தட்டும் என்பதை முஸ்லிம்களாகிய நமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. அத்தகைய வேளைகளில் நம் பார்வை தலைநகரை நோக்கியே செல்கிறது. நாடாளுமன்றம் என்ன முடிவெடுக்கும், உச்ச நீதிமன்றம் என்ன தீர்ப்பளிக்கும் என்று காத்திருக்கிறோம். குடிநீரும் சாலையும் மட்டுமே நகராட்சியின் வேலை என்று நினைப்பதால், இத்தகைய விவகாரங்களில் அதன் கதவைத் தட்ட நமக்குத் தோன்றுவதில்லை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்திலுள்ள போர்ட்லாந்து நகரின் வரலாறு அந்த நினைப்பை மாற்றக்கூடியது.

2001 செப்டம்பர் 11 தாக்குதல்கள் நடந்து 45 நாட்களுக்குள், அக்டோபர் 26 அன்று, பேட்ரியாட் சட்டத்தில் அதிபர் ஜார்ஜ் புஷ் கையொப்பமிட்டார். செனட் அவையில் அதை ஆதரித்தோர் 98 பேர். எதிர்த்து வாக்களித்தவர் விஸ்கான்சின் மாநிலத்தின் ரஸ் ஃபைன்கோல்ட் ஒருவரே. அச்சட்டத்தின் 215ஆம் பிரிவு, ஒருவர் நூலகத்தில் எடுத்த புத்தகங்களின் விவரம் உள்ளிட்ட பதிவேடுகளை இரகசிய நீதிமன்றத்தின் ஆணை பெற்றுக் கைப்பற்ற எஃப்.பி.ஐ.க்கு வழிவகுத்தது. பதிவேட்டைக் கொடுத்த நூலகர் அதை வெளியே சொல்லவும் தடை இருந்தது.

அடுத்த மாதமே அரசு தலைமை வழக்கறிஞர் ஜான் ஆஷ்கிராஃப்ட்டின் துறை ஒரு பட்டியலைத் தயாரித்தது. 2000ஆம் ஆண்டு தொடக்கத்திற்குப் பிறகு, குறிப்பிட்ட சில நாடுகளிலிருந்து தற்காலிக விசாவில் வந்த 18 முதல் 33 வயதுவரையிலான ஆண்கள் ஏறத்தாழ 5,000 பேர் அதில் இருந்தனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் மத்திய கிழக்கிலிருந்து வந்த முஸ்லிம்கள். அவர்கள்மீது குற்றச்சாட்டு ஏதுமில்லை. இருப்பினும் அவர்களைச் சந்தித்து விசாரிக்க உதவுமாறு நாடெங்கும் உள்ள நகரக் காவல்துறைகள் கேட்டுக்கொள்ளப்பட்டன.

போர்ட்லாந்து காவல்துறையின் தலைமைப் பொறுப்பை அப்போது தற்காலிகமாக வகித்து வந்தவர் ஆண்ட்ரூ கிர்க்லாண்ட். தம் காவலர்கள் இப்பணியில் ஈடுபடமாட்டார்கள் என்று அவர் அறிவித்தார். இரட்டைக் கோபுரங்களின் இடிபாடுகளில் தீ முழுதாக அணைந்திராத நேரம் அது. நகரத்தின் மீது கண்டனங்கள் குவிந்தன. பெரும்பாலான கேள்விகளைக் கேட்கச் சட்டத்தில் இடமுண்டு என்று ஓரிகன் மாநிலத்தின் தலைமை வழக்கறிஞரே கருத்துத் தெரிவித்தார். ஆனாலும் நகரம் தன் முடிவை மாற்றவில்லை. போர்ட்லாந்தில் அந்த விசாரணையை மத்திய அதிகாரிகளே நடத்த வேண்டியதாயிற்று.

ஏற்கெனவே இருந்த சட்டம்

இந்த மறுப்புக்கு முஸ்லிம்கள் மீதான தனிப் பரிவு காரணமாகக் காட்டப்படவில்லை. காட்டப்பட்டது, ஓரிகன் மாநிலம் 1981இல் இயற்றியிருந்த ஒரு சட்டம். ஒருவரின் அரசியல், சமயம், சமூகம் சார்ந்த கருத்துகளையும் அவருடைய தொடர்புகளையும் பற்றிக் காவல்துறை தகவல் திரட்டக் கூடாது. குற்றச் செயல் தொடர்பான புலனாய்வும், அதில் அவருக்குப் பங்கு இருக்கலாம் என ஐயுறத் தக்க காரணமும் இருந்தால் மட்டுமே அவ்வாறு செய்யலாம். ஒரு நாட்டிலிருந்து வந்தவர், ஒரு வயதினர் என்பதெல்லாம் ஐயத்திற்குக் காரணமாகிவிடாது என்பதே நகரத்தின் வாதம்.

அச்சட்டம் 1981இல் எழுதப்பட்டபோது முஸ்லிம்கள் எவர் மனத்திலும் இருந்திருக்கமாட்டார்கள். காவல்துறையினர் எதிர்ப்பு இயக்கங்களை உளவு பார்த்த அனுபவமே அதன் பின்னணி. அந்த உளவின் அளவு 2002இல்தான் முழுதாக வெளிவந்தது. 1960களின் நடுப்பகுதியிலிருந்து போர்ட்லாந்து காவல்துறை திரட்டிய கோப்புகளைக் காவலர் ஒருவர் அழிக்காமல் எடுத்துச் சென்று மறைத்து வைத்திருந்ததை ஒரு உள்ளூர்ப் பத்திரிகை அம்பலப்படுத்தியது. 500க்கும் மேற்பட்ட அமைப்புகளும் ஏறத்தாழ 3,000 தனிமனிதர்களும் அவற்றில் இடம்பெற்றிருந்தனர். போருக்கு எதிராகப் பேசியவர்கள், பெண்ணுரிமை கேட்டவர்கள், தொழிலாளர்களுக்காக நின்றவர்கள் ஆகியோரைப் பற்றிய குறிப்புகள் அவை.

அந்தப் பழைய தலைமுறையினர் தங்கள் மனக்காயத்தைச் சட்டமாக மாற்றி வைத்துவிட்டுச் சென்றனர். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, அவர்கள் முகம் அறியாத வேற்றுநாட்டு மாணவர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் அது கேடயமாயிற்று.

1942இல் இல்லாத கேடயம்

அத்தகைய கேடயம் இல்லாதபோது என்ன நிகழும் என்பதையும் இந்நகரம் கண்டிருக்கிறது. ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கிய பிறகு, அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் அனைவரும் ஐயத்திற்குரியவர்களாயினர். 1942 மார்ச் மாத இறுதியில் அவர்களுக்கு இரவு 8 மணி முதல் ஊரடங்கு விதிக்கப்பட்டது. அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்களுக்கும் அதிலிருந்து விலக்கில்லை.

மினோரு யாசுயி ஓரிகனில் பிறந்த இளம் வழக்கறிஞர். மார்ச் 28 இரவு அவர் வேண்டுமென்றே போர்ட்லாந்து வீதிகளில் நடந்தார். தம்மைக் கைது செய்யுமாறு ஒரு காவலரிடம் கேட்டபோது, அவர் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். யாசுயி தாமே காவல் நிலையத்துக்குச் சென்று சரணடைந்தார். இனத்தை மட்டும் பார்த்து விதிக்கப்பட்ட தடை செல்லுமா என்பதை நீதிமன்றத்தின் முன் வைப்பதே அவர் நோக்கம். ஒன்பது மாதங்கள் மாவட்டச் சிறையில் கழித்தார். 1943இல் உச்ச நீதிமன்றமும் ஊரடங்கு செல்லும் என்றே தீர்ப்பளித்தது.

இதற்கிடையே போர்ட்லாந்தின் கால்நடைக் கண்காட்சிக் கூடத்தில், மாடுகளுக்கான கொட்டில்களைத் தடுப்புப் பலகைகளால் பிரித்து, 3,500க்கும் மேற்பட்ட மனிதர்கள் குடும்பம் குடும்பமாக அடைக்கப்பட்டனர். பின்னர் அவர்கள் தொலைதூர முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். நாடு முழுவதும் இவ்வாறு அகற்றப்பட்டோர் ஏறத்தாழ 1,20,000 பேர். அமெரிக்க அரசு முறைப்படி மன்னிப்புக் கோரி, உயிருடன் எஞ்சியிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் வழங்கச் சட்டம் செய்தது 1988இல்தான். யாசுயி அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டார். அரசின் மிக உயர்ந்த குடிமை விருது 2015இல் அவர் பெயருக்கு வழங்கப்பட்டது. உரிமை பறிக்கப்படுவதற்கு ஓர் இரவு போதும். அது திரும்பி வருவதற்குள் ஒரு வாழ்நாள் முடிந்துவிடுகிறது.

ஒரு கைரேகை

2004 மார்ச் 11 அன்று ஸ்பெயினின் மாட்ரிட் நகர ரயில்களில் குண்டுகள் வெடித்து 190க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வெடிப்பூக்கிகள் இருந்த ஒரு பையில் கிடைத்த கைரேகை, போர்ட்லாந்து அருகே வாழ்ந்த வழக்கறிஞர் பிராண்டன் மேஃபீல்டுடையது என்று எஃப்.பி.ஐ. முடிவு செய்தது. அவர் இஸ்லாத்தைத் தழுவியவர், முன்னாள் இராணுவ அதிகாரி, மூன்று பிள்ளைகளின் தந்தை. அந்தக் கைரேகை பொருந்தவில்லை என்று ஸ்பெயின் காவல்துறை ஏப்ரல் மாதமே தெரிவித்தது. ஆயினும் அவர் வீடு இரகசியமாகச் சோதனையிடப்பட்டது. மே 6 அன்று அவர் கைது செய்யப்பட்டார். இரண்டு வாரங்கள் கழித்து, அந்தக் கைரேகைக்கு உரியவர் வேறொருவர் என ஸ்பெயின் கண்டறிந்த பிறகே விடுவிக்கப்பட்டார்.

2006இல் அரசு அவரிடம் மன்னிப்புக் கோரி, 20 லட்சம் டாலர் இழப்பீடும் கொடுத்தது. முதலில் நேர்ந்த பிழைக்கு அவருடைய மார்க்கம் காரணமல்ல என்றாலும், அந்தப் பிழையை மீண்டும் ஆராயத் தவறியதில் அதற்குப் பங்கு இருந்திருக்கலாம் என்று நீதித்துறை அமைச்சகத்தின் தணிக்கை அதிகாரியே எழுதினார். ஐயம் முன்பே மனத்தில் குடியேறிவிட்டால், சான்று பொய்த்த பின்னும் அது இடத்தைக் காலி செய்வதில்லை. ஊகங்களைத் தவிர்க்குமாறும் பிறரைத் துருவித் துருவி ஆராயாதிருக்குமாறும் அல்ஹுஜுராத் அத்தியாயம் ஒரே வசனத்தில் கட்டளையிடுவதை நாம் அறிவோம். முதலாவது இரண்டாவதற்கு எவ்வாறு இட்டுச் செல்கிறது என்பதற்கு இந்த வழக்கு ஒரு சான்று.

மேயர் கேட்ட கேள்வி

2005 ஜனவரியில் டாம் பாட்டர் போர்ட்லாந்தின் மேயரானார். அவர் அந்நகரின் முன்னாள் காவல்துறைத் தலைவர். எஃப்.பி.ஐ. தலைமையிலான பயங்கரவாதத் தடுப்புக் கூட்டு அணியில் நகரக் காவலர்களும் பணியாற்றி வந்தனர். மாநிலச் சட்டத்தை அவர்கள் மீறாமல் பார்த்துக்கொள்வது மேயரின் பொறுப்பு. ஆனால் அவர்கள் காணும் இரகசிய ஆவணங்களைக் காண மேயருக்கு அனுமதியில்லை. தம் கீழ்ப் பணிபுரிவோருக்கு உள்ள அதே அனுமதி தமக்கும் வேண்டும் என்று பாட்டர் கேட்டார். எஃப்.பி.ஐ. மறுத்தது. ஏப்ரல் 28 அன்று நகர்மன்றம் 4க்கு 1 என்ற வாக்குகளில் அந்த அணியிலிருந்து தன் காவலர்களை விலக்கிக்கொண்டது. நாட்டிலேயே அவ்வாறு விலகிய முதல் நகரம் போர்ட்லாந்துதான்.

பாட்டர் கேட்டது எளிய கேள்வி. மக்கள் வரிப்பணத்தில் ஊதியம் பெறும் காவலர், மக்கள் தேர்ந்தெடுத்தவரிடம் கணக்குச் சொல்ல வேண்டுமா, வேண்டாமா? அமானிதம் என்ற சொல்லின் பொருள் தெரிந்த எவருக்கும் இக்கேள்வியின் நியாயம் புரியும்.

அந்த முடிவுக்குச் சோதனையும் வந்தது. 2010 நவம்பர் 26 அன்று, கிறிஸ்துமஸ் மர விளக்கேற்றும் விழாவில் குண்டு வெடிக்க முயன்றதாக சோமாலிய வம்சாவளியைச் சேர்ந்த 19 வயது முஸ்லிம் இளைஞர் ஒருவர் கைது செய்யப்பட்டார். குண்டு போலியானது. அதைத் தயாரித்துக் கொடுத்தவர்கள் மாறுவேடத்தில் அவருடன் பழகிய எஃப்.பி.ஐ.யினரே. ஆயினும் வெடிக்கச் செய்யும் பொத்தானை அழுத்தியது அவர் விரல். அதை நாம் மழுப்ப முடியாது. அவருக்கு 30 ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. கைது நடந்த இரண்டாம் நாள், அவர் எப்போதாவது தொழுகைக்குச் சென்ற கொர்வாலிஸ் நகரப் பள்ளிவாசலுக்குத் தீ வைக்கப்பட்டது.

நகரம் விலகி நின்றதால்தான் ஆபத்து வந்தது என்றனர் சிலர். நகரம் அணியில் இல்லாதபோதே எஃப்.பி.ஐ. அவரைப் பிடித்ததே என்றனர் வேறு சிலர். 2011இல் தேவைக்கேற்ப ஒத்துழைப்பது என்ற அளவிலும், 2015இல் முழுமையாகவும் போர்ட்லாந்து மீண்டும் சேர்ந்தது. 2019 பிப்ரவரியில் 3க்கு 2 என்ற வாக்குகளில் மறுபடியும் விலகியது. ஒவ்வொரு முறையும் திறந்த அவையில் பொதுமக்கள் எழுந்து பேசினர். பாதுகாப்பும் உரிமையும் மோதும் இடத்தில் இறுதித் தீர்ப்பு எதுவும் எழுதப்பட்டுவிடவில்லை. ஆனால் அந்த விவாதம் மூடிய அறையில் நடக்கவில்லை என்பதே பெரிய பேறு.

சிற்றூர்களின் தீர்மானங்கள்

போர்ட்லாந்து தனித்து நிற்கவில்லை. 2002 ஜனவரியில் மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகர்மன்றம் குடியுரிமைகளைக் காக்கத் தீர்மானம் இயற்றியது. 2003இல் கலிஃபோர்னியாவின் ஆர்கேட்டா என்ற சிறுநகரம், பேட்ரியாட் சட்டத்தின் பெயரால் உரிமைகளை மீறும் விசாரணைகளுக்குத் தாமாக முன்வந்து ஒத்துழைக்கும் நகர அதிகாரிகளுக்கு அபராதம் விதிக்கும் விதியையே செய்தது. 2004 பிப்ரவரியில், தாக்குதலில் மிகுதியான உயிர்களைப் பறிகொடுத்த நியூயார்க் நகரமும் தீர்மானம் நிறைவேற்றியது. சில ஆண்டுகளில் இவ்வாறு குரல் கொடுத்த உள்ளாட்சிகள் ஏறத்தாழ 400; மாநிலங்கள் எட்டு.

இவை எதுவும் மத்திய அரசின் சட்டத்தை நீக்கிவிடவில்லை; நீக்கும் அதிகாரம் நகராட்சிகளுக்குக் கிடையாது. ஆனால் தேசம் முழுவதையும் கண்காணிக்க விரும்பும் அரசுக்கு ஒவ்வொரு தெருவையும் அறிந்த கைகள் தேவைப்படுகின்றன. அந்தக் கைகள் உள்ளூர்க் காவலரும் நூலகரும் நகர எழுத்தருமே. அவர்கள் சட்டத்தைக் காட்டி, காரணத்தைச் சொல்லுங்கள் என்று கேட்கும்போது, பட்டியலை வைத்து மனிதரை வேட்டையாடும் வேலை தாமதமாகிறது, செலவு மிகுந்ததாகிறது, வெளிச்சத்துக்கும் வருகிறது.

நம் வீடுகளில் பிள்ளைகளோடு பேசும்போது, அநீதிகளின் பட்டியலோடு இத்தகைய வரலாறுகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1981இல் அந்தச் சட்டத்துக்காக வாதாடியவர்கள் நம் சமுதாயத்தவர் அல்லர். அதன் நிழல் நம்மவர்மீது விழுந்தது. அவ்வாறே, இன்று பக்கத்துத் தெருவில் வேறொரு சமூகத்தார்மீது ஐயம் விழும்போது நாம் எழுப்பும் குரலும் எழுதி வைக்கும் விதியும், நாம் காணப்போகாத எவரையோ ஒருநாள் காக்கக்கூடும். அமைதியான காலத்தில் உள்ளூர் மன்றத்துக் கூட்டங்களுக்குப் போவது அலுப்பான வேலைதான். அச்சம் சூழ்ந்த காலத்தில் நமக்கு நிழல் தரும் மரம், அந்த அலுப்பான நாட்களில் நடப்பட்டதாகவே இருக்கும்.