சுவர் திறந்த ராத்திரியில் ஒரு சினிமா

1989 நவம்பர் 9. கிழக்கு பெர்லினில், கார்ல் மார்க்ஸ் சாலையில் உள்ள ‘கினோ இன்டர்நேஷனல்’ தியேட்டர். புதுப்படம் ரிலீஸ். படம் முடிந்து வெளியே வந்தவர்களின் காதில் விழுந்த சேதி - பெர்லின் சுவரைத் திறந்துவிட்டார்கள்! எந்த டைரக்டருக்கும் இப்படியொரு ரிலீஸ் தேதி வாய்க்கக் கூடாது, பாவம்!

படம், ‘கமிங் அவுட்’. டைரக்டர் ஹைனர் காரோவ். தயாரித்தது டெஃபா. அதாவது, கம்யூனிஸ்ட் அரசாங்கத்தின் சொந்த சினிமா நிறுவனம்! ஆணை விரும்பும் ஆணின் கதையை டெஃபா முழுநீளப் படமாக எடுத்தது அதுவே முதல் முறை. பிலிப் ஒரு வாத்தியார். காதலியும் உண்டு. ஒருநாள் தற்செயலாக ஒரு பாருக்குள் நுழைகிறான். அங்கே மத்தியாஸ் என்கிற இளைஞனிடம் மனசு போய்விடுகிறது...

கதையை விடுங்கள். அந்த பாரைப் பாருங்கள். அது செட் இல்லை. பிரென்ஸ்லாவர் பெர்க் வட்டாரத்தில் நிஜமாகவே இருந்த ‘புர்க்ஃபிரீடன்’. வழக்கமாக அங்கே வருகிறவர்களையே காமிராவுக்கு முன் உட்கார வைத்தார் காரோவ். சும்மா சொல்லக்கூடாது, பெரிய துணிச்சல்தான். ஊருக்குத் தெரியாமல் ஒளிந்திருந்த ஒரு கூட்டத்துக்கு, ‘இதுவும் உங்க ஊர்தான்’ என்று அரசாங்கச் செலவில் விலாசம் போட்டுக் கொடுத்த மாதிரி!

பெர்லினுக்கு இது புதுசா என்றால், இல்லை. 1919-லேயே ரிச்சர்ட் ஓஸ்வால்ட் இதே ஊரில் ‘மற்றவர்களிலிருந்து வேறானவன்’ என்று ஒரு மௌனப்படம் எடுத்தார். மிரட்டிப் பணம் பறிக்கப்படும் வயலின் கலைஞனின் கதை. மறு வருஷமே தடை. ஆண்களுக்கு இடையிலான உறவைக் குற்றமாக்கிய 175-ம் பிரிவை, 1935-ல் ஹிட்லர் அரசு இன்னும் இறுக்கியது. ஆயிரக்கணக்கானவர்கள் வதைமுகாம்களுக்குப் போனார்கள், சட்டையில் இளஞ்சிவப்பு முக்கோணத்தோடு.

‘கமிங் அவுட்’ பாரில் உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவர் அந்த முகாமிலிருந்து மீண்டவர். பழுத்த கம்யூனிஸ்ட். மனுஷனை மனுஷன் சுரண்டுவதை ஒழித்தோம், ஆனால் இவர்களை மட்டும் எப்படியோ மறந்துபோனோம் என்கிறார். குரலில் கோபம்கூட இல்லை.

பதில் சொல்ல வேண்டிய அரசாங்கம் 1990 அக்டோபரோடு காணாமல் போனது. ஒரு விஷயம் கேளுங்கள்... தன் சட்டத்தில் மிச்சமிருந்த பாரபட்சத்தைக் கிழக்கு ஜெர்மனி 1989 ஜூலையிலேயே நீக்கியிருந்தது. அன்று ராத்திரி ஜனங்கள் ஓடிப்போய் நுழைந்த மேற்கில், தளர்த்தப்பட்ட வடிவில் என்றாலும், 175-ம் பிரிவு 1994 வரை உயிரோடு இருந்தது!