இன்ஃப்ளூயன்சா வைரஸ்களின் மருந்தெதிர்ப்பு

ஃப்ளூ காய்ச்சலை உண்டாக்கும் இன்ஃப்ளூயன்சா வைரஸ், மரபணு மாற்றத்தால் தன்னைக் கட்டுப்படுத்தும் மருந்துக்கு அடங்காமல் பெருகுவதே மருந்தெதிர்ப்பு எனப்படுகிறது. மருந்தை மிகுதியாகப் பயன்படுத்தினால்தான் இது பரவும் என்பது பொதுவான எண்ணம். பருவகால எச்1என்1 வைரஸில் 2007-08இல் தோன்றிய எதிர்ப்பு இந்த எண்ணத்தை மறுக்கிறது. அந்தக் குளிர்காலத்தில் நார்வேயில் சோதிக்கப்பட்ட எச்1என்1 மாதிரிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஒசெல்டாமிவிர் என்ற ஃப்ளூ மருந்துக்குக் கட்டுப்படவில்லை. அங்கே அம்மருந்தின் பயன்பாடோ மிகக் குறைவு. அதை உலகிலேயே அதிகம் பயன்படுத்திய ஜப்பானில் அதே பருவத்தில் எதிர்ப்பு அரிதாகவே இருந்தது. அடுத்த ஆண்டுக்குள் உலகின் பெரும்பாலான இடங்களில் பருவகால எச்1என்1 எதிர்ப்பு வகையாகவே மாறிவிட்டது.

காரணம் வைரஸின் உடற்கூறில் இருக்கிறது. புதிய வைரஸ்கள் செல்லிலிருந்து விடுபட உதவும் நியூராமினிடேஸ் என்ற நொதியை ஒசெல்டாமிவிர் முடக்குகிறது. நொதிக்குள் ஓர் அமினோ அமிலம் சற்றுத் திரும்பி இடம்விட்டால்தான் மருந்து பொருந்தும். 275ஆம் இடத்தில் ஹிஸ்டிடினுக்குப் பதில் டைரோசின் அமர்ந்தால் அந்த இடம் கிடைப்பதில்லை. அப்படித் திரும்பத் தேவையில்லாத சனாமிவிர் என்ற மருந்தோ தொடர்ந்து வேலை செய்கிறது. இந்த மாற்றம் பெற்ற வைரஸ்கள் ஆய்வக விலங்குகளில் நடந்த தொடக்கக்கால ஆய்வுகளில் வலுவிழந்தே காணப்பட்டன. ஆகவே அவை பரவா என்று கருதப்பட்டது. ஆனால் அதே நொதியில் முன்பே நேர்ந்திருந்த வேறு மாற்றங்கள் அந்தக் குறையை ஈடுகட்டியதை 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. தடை நீங்கியதும், மருந்தே இல்லாத இடத்திலும் எதிர்ப்பு வைரஸ் தன் பலத்தில் பரவியது.

அப்படியானால் மருந்துப் பயன்பாடு பொருட்டல்ல என்று கொள்ளலாமா? கூடாது. எதிர்ப்பு முளைப்பதற்குச் சிகிச்சையும் ஒரு களம். 2018இல் ஜப்பானில் அனுமதி பெற்ற பாலோக்சாவிர் என்ற ஃப்ளூ மருந்தின் சோதனையில், அதை எடுத்த பெரியவர்கள், பதின்ம வயதினரில் சுமார் 10 சதவீதத்தினரிடம் எதிர்ப்பு மாற்றம் தென்பட்டது. ஆனால் முளைப்பது வேறு, நிலைப்பது வேறு. அமான்டடின் என்ற ஃப்ளூ மருந்துக்கு எதிரான மாற்றம், எச்3என்2 என்ற மற்றொரு இன்ஃப்ளூயன்சா வைரஸில் பரவியதால் 2006இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையங்கள் அம்மருந்தைத் தவிர்க்கச் சொல்லின; பயன்பாடு வற்றிய பின்னும் அந்த மாற்றம் நீடிக்கிறது. 2009இன் பெருந்தொற்று வைரஸ் ஒசெல்டாமிவிருக்குக் கட்டுப்பட்டதால் சிக்கல் தீர்ந்ததென்பதும் சரியல்ல. பழைய எச்1என்1 திருந்தவில்லை, வேறொரு வைரஸ் அதன் இடத்தைப் பிடித்தது. 2011இல் ஆஸ்திரேலியாவின் நியூகாசில் பகுதியில் இப்புதிய வைரஸின் எதிர்ப்பு வகையும் பரவியது. தொற்றியவர்களில் மிகப் பெரும்பாலோர் மருந்தைத் தொடாதவர்கள். ஆகவே கண்காணிப்பு, மருந்து விற்பனை மிகுந்த நாடுகளோடு நின்றுவிடக் கூடாது. எதிர்ப்பு மாற்றத்தோடு அதற்குத் துணைநிற்கும் மாற்றங்களையும் தேட வேண்டும்.