கும்பினியும் மகாராணியும்: நந்திதுர்க் லைனிலிருந்து தெரிந்த இங்கிலாந்து

கோலார் தங்கவயலைப் பற்றி யார் எழுதினாலும் ‘சின்ன இங்கிலாந்து’ என்னும் அடைமொழி முதல் பத்தியிலேயே வந்துவிடுகிறது. ஓட்டுக்கூரை பங்களாக்கள், 1885இல் தொடங்கிய கிளப், கோல்ஃப் திடல், தேவாலயங்கள் என்று பட்டியல் நீளும். அந்தப் பெயர் பங்களாவின் முகப்பிலிருந்து பார்த்து வைக்கப்பட்டது. பள்ளத்தில், மூங்கில் தட்டிகளால் அடைத்த கூலி லைன்களில் வாழ்ந்த தமிழர்களுக்கும் இங்கிலாந்தைப் பற்றிக் கருத்துகள் இருந்தன. அதன் சாப்பாட்டைப் பற்றியும் அரசரைப் பற்றியும் துரைமாரின் அன்றாடத்தைப் பற்றியும் அவர்கள் பேசினார்கள். அந்தப் பேச்சை ‘வெள்ளைக்கார விசுவாசம்’ என்ற ஒரே தொடரில் அடக்கிவிடுவது நம் வரலாற்றெழுத்தின் வழக்கமாக இருந்துவருகிறது. அத்தொடர் இங்கே பொருந்துமா என்பது ஆராயத்தக்கது.

முதலில் பெயர். நந்திதுர்க் சுரங்கத்திற்கும் சிக்கபள்ளாப்பூர்ப் பக்கத்து நந்தி மலைக்கும் இடையே நெடுந்தொலைவு. 1791இல் காரன்வாலிஸின் படை கைப்பற்றிய திப்புவின் மலைக்கோட்டை அது; பின்னர் வெள்ளையரின் கோடை வாசத்தலமாயிற்று. மைசூரைப் பிரிட்டிஷ் ஆணையர்கள் ஆண்ட காலத்தில் கோலார் மாவட்டம் அம்மலையின் பெயர் தாங்கிய நந்திதுர்க் கோட்டத்தில் அடங்கியிருந்தது. வடஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்து சேர்ந்தவர்கள், கண்ணில் படாத ஒரு கோட்டையின் பெயரைத் தம் முகவரியாக ஏற்றார்கள். அவர்கள் இறங்கிய குழிகளுக்கு ஹென்றி, எட்கர், கிஃபர்ட் என்று பெயர். வந்தவர்களில் பெரும்பான்மையினர் ஆதிதிராவிடர்.

1875இல் லாவெல் என்னும் முன்னாள் படைவீரர் மைசூர் அரசிடம் சுரங்க உரிமை பெற்றார். 1880இல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் வந்தது. அந்நிறுவனத்தோடு கார்ன்வாலின் சுரங்கத் தொழிலாளர்களும் வந்தார்கள். அங்கிருந்த வழக்கப்படியே சுரங்க மேற்பார்வையாளருக்குக் ‘கேப்டன்’ என்று பெயர். பூமி மைசூர் மகாராஜாவுடையது. எடுக்கும் தங்கத்தில் நூற்றுக்கு ஐந்து அவருக்கு ‘ராயல்டி’. அரசனுக்குரியது என்பதே அச்சொல்லின் மூலப்பொருள். ஆக, லைனில் வாழ்ந்தவருக்கு மேலே இரண்டு அரசர்களும் ஒரு கம்பெனியும் இருந்தார்கள். கூலி கொடுத்தது கம்பெனி மட்டுமே.

‘கம்பெனி’ என்ற சொல் இந்த இடத்தில் முக்கியமானது. தமிழில் ‘கும்பினி’ என்றால் கிழக்கிந்தியக் கம்பெனி. வரியும் பட்டாளமும் அதன் அடையாளம். 1858 நவம்பர் 1ஆம் நாள் விக்டோரியாவின் பிரகடனம் அந்தக் கும்பினி ஆட்சிக்கு முடிவு கட்டியது. இனமோ மதமோ தடையாகாமல் தகுதியுள்ளோர்க்கு அரசுப்பணி உண்டு என்று அது வாக்களித்தது. அந்த வாக்குறுதி எவ்வளவு நிறைவேறியது என்பது வேறு விஷயம். ஒடுக்கப்பட்டோரின் நினைவில் ‘மகாராணி’ என்பவர் கும்பினிக்கு மேலே நின்று அதை விலக்கக்கூடிய அதிகாரம். கம்பெனி வேறு, கிரீடம் வேறு என்ற இந்தப் பகுப்பைக் கைவிட்டுவிட்டால் தங்கவயலின் அரசியல் புரியாது.

இனிச் சாப்பாடு. துரைமார் சாப்பாட்டில் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை என்ற ஏளனம் தமிழ்நாடெங்கும் கேட்கக்கூடியது. ஆனால் அந்த உப்பில்லாச் சாப்பாட்டைச் சமைத்தவர்கள் யார்? மாட்டிறைச்சியையும் பன்றி இறைச்சியையும் சாராயப் புட்டியையும் தொடச் சாதி இந்துக்கள் மறுத்ததால், சென்னை மாகாணத்து வெள்ளையர் வீடுகளில் சமையற்கட்டு பெரும்பாலும் பறையர் கையில் இருந்தது. 1878இல் ‘சென்னைக்கான சமையற்குறிப்புகள்’ எழுதிய கர்னல் கென்னி ஹெர்பர்ட், தம் வாசகரின் சமையற்காரர் அனைவரையும் ‘ராமசாமி’ என்றே அழைக்கிறார். சமையற்கட்டின் ஆங்கிலத்துக்கே தனி இலக்கணம் உண்டு. ‘பட்லர் ஆங்கிலம்’ எனப்பட்ட அதை ஹூகோ சுஹார்ட் என்ற மொழியியலறிஞர் 1891இலேயே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டார். நம் பல்கலைக்கழகங்களில் இன்றும் அது நகைச்சுவைத் துணுக்காகவே இருக்கிறது.

அந்தச் சமையற்கட்டின் வழியே தமிழ்ச்சொற்கள் ஆங்கிலத்துக்குப் போயின. மிளகுத்தண்ணீர் ‘மல்லிகட்டானி’ ஆகி மேசையின் முதல் சூப்பாயிற்று. அதை விரும்பிக் குடித்ததால் சென்னை மாகாணத்து வெள்ளையருக்கே ‘மல்’ என்று பட்டப்பெயர் விழுந்தது. கஞ்சியும் போயிற்று, பட்டாளத்துச் சிறைக்கொட்டடிக்குக் ‘கஞ்சிவீடு’ என்று பெயர் என்கிறது 1886இன் ‘ஹாப்சன் ஜாப்சன்’ அகராதி. அதே அகராதியில், சமைத்தவரின் சாதிப்பெயரும் ‘பாரியா’ என்ற வடிவில் இருக்கிறது, ஊர் விலக்கிய மனிதன் என்னும் பொருளோடு. சூப்பையும் வசைச்சொல்லையும் ஒரே அடுப்படியிலிருந்துதான் ஆங்கிலம் எடுத்துக்கொண்டது.

தங்கவயலில் இதற்கு இன்னொரு பரிமாணம் உண்டு. லைனில் ராகிக்களியும் மாட்டிறைச்சியும். பங்களாவிலும் மாட்டிறைச்சி. ஒரே இறைச்சி மேட்டில் நாகரிகம், பள்ளத்தில் தீட்டு. துரையின் சமையற்கட்டில் வேலை செய்த ஒருவர் இந்த முரணைத் தத்துவமாகப் படிக்கவேண்டியதில்லை. நாள்தோறும் இரு கைகளாலும் கழுவியிருப்பார். இங்கிலாந்தைப் பற்றிய அவரது நல்லெண்ணத்தில் ஒரு பகுதி இந்தக் கணக்கிலிருந்து வந்தது என்று கொள்வதில் பிழையில்லை. இங்கிலாந்து எப்படிப்பட்ட நாடு என்பதைவிட, ஊர் எப்படிப்பட்டது என்பதைப் பற்றிய தீர்ப்பு அது.

அயோத்திதாச பண்டிதர் தம் பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் துரையிடம் பட்லராக இருந்தவர் என்றும், திருக்குறள் ஓலைச்சுவடியை எல்லிஸிடம் சேர்ப்பித்தவர் என்றும் எழுதியிருக்கிறார். குறளின் அச்சு வரலாற்றுக்குள் ஒரு சமையற்கட்டு நுழையும் இடம் இது. பண்டிதர் 1907 ஜூன் 19இல் சென்னையில் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழுக்குத் தங்கவயல் வலுவான வாசகர் களம். அதே ஆண்டில் மாரிக்குப்பத்தில் சாக்கைய பௌத்த சங்கத்தின் கிளை அமைந்தது, எம்.ஒய். முருகேசர் அதன் தூண். 1914இல் பண்டிதர் மறைந்தபின், 1926இல் ஜி. அப்பாதுரையார் ‘தமிழன்’ இதழைத் தங்கவயலிலிருந்தே மீண்டும் கொண்டுவந்தார். அவ்விதழ் பிரிட்டிஷ் ஆட்சியை வெளிப்படையாக ஆதரித்தது, சுதேசி இயக்கத்தைச் சாதித்தலைமையின் இயக்கமாகக் கண்டது. அந்த ஆதரவில் மிகை இருந்தது. பஞ்சங்களையும் வரிக்கொடுமையையும் அது எடைபோட்ட விதம் இன்று படிப்பவரை உறுத்தும். எனினும் அதன் பின்னிருந்த வாதம் தெளிவானது: குளத்தில் தண்ணீர் எடுக்கவிடாத கை நாளை ஆட்சியைப் பிடித்தால் என்ன செய்யும்?

1893இல் இரட்டைமலை சீனிவாசன் எழுப்பியதும் இதே கேள்விதான். ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்தவேண்டும் என்ற கோரிக்கையை எதிர்த்து அவர் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய விண்ணப்பத்தில் 3,412 கையொப்பங்கள் இருந்தன. நீளம் 112 அடி. அதிகாரம் லண்டனிலிருந்து உள்ளூர் மேல்சாதிக்கு இறங்கிவிடும் என்ற அச்சம் அந்தச் சுருளில் இருந்தது.

அன்றாட வாழ்வைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனெனில் இங்கேதான் புகழ்ச்சி அதிகம். சிவசமுத்திரத்திலிருந்து 1902இல் 92 மைல் கடந்து மின்சாரம் வந்தது. பெங்களூருத் தெருவில் விளக்கெரிந்தது 1905இல்தான். இதைப் பெருமையாகப் பகிர்வோர் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அம்மின்சாரம் பாறையை இடிக்கும் ஆலைகளுக்காக வந்தது. பேத்தமங்கலத்திலிருந்து பாலாற்று நீர் குழாயில் வந்தது. தங்கத்திருட்டைத் தடுக்கவென்றே 1897இல் மைசூர் அரசு சுரங்கச் சட்டம் இயற்றியது. வேலை முடிந்து மேலேறுபவரின் உடம்பைச் சோதிப்பது அன்றாடச் சடங்கு. அழுத்தம் தாங்காமல் பாறை வெடிக்கும் விபத்துக்கு, காற்று வெடித்தது போல, ‘ஏர் பிளாஸ்ட்’ என்று பெயரிட்டிருந்தார்கள்.

1930இல் கம்பெனி, தொழிலாளர் அனைவரின் கைரேகையையும் பதிவுசெய்ய முனைந்தது. கைரேகை குற்றவாளிக்குரியது. முறையான தொழிற்சங்கம் இல்லாத அக்காலத்தில், ஆயிரக்கணக்கானோர் வேலைக்கு இறங்க மறுத்தார்கள்; வேலைநிறுத்தம் வாரக்கணக்கில் நீடித்தது. ‘விசுவாசிகள்’ என்று வரலாறு எழுதிய அதே மக்கள்தான் இதைச் செய்தார்கள். அதே ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் முதல் வட்டமேசை மாநாட்டைத் தொடங்கிவைத்தார். அம்பேத்கரோடு இரட்டைமலை சீனிவாசன் அதில் அமர்ந்திருந்தார். தீண்டாமை என்றால் என்னவென்று மன்னர் கேட்க, தாம் விளக்கியதாக அவரது தன்வரலாறு சொல்கிறது. மேடைகளில் இந்நிகழ்ச்சி பல வடிவங்களில் வளர்ந்துவிட்டது. மன்னர் கைகுலுக்கும் காட்சியில் கைத்தட்டல் எழாத கூட்டமில்லை. ஒரே ஆண்டில் நடந்த இவ்விரண்டையும் சேர்த்துப் படிப்பவர் குறைவு. கைரேகை கொடுக்க மறுத்தவர்களும் மன்னரிடம் கைநீட்டியவரும் கேட்டது ஒன்றே: மனிதனாகப் பதிவு செய், வேறெதுவாகவும் செய்யாதே.

1956இல் சுரங்கங்கள் மைசூர் அரசின் கைக்கு வந்தன. 1962இல் மத்திய அரசுக்கு மாறின. துரைமார் கப்பலேறினார்கள். கிளப் இருந்தது, ‘கேப்டன்’ இருந்தது, உடற்சோதனையும் இருந்தது. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. ‘வெள்ளைக்காரன் காலத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது’ என்ற பேச்சு அதற்குப் பின்னரே உரத்துக் கேட்கிறது. இங்கிலாந்தைப் பற்றிய கருத்தாகத் தோன்றினாலும், அதன் பயனிலை இங்கிலாந்து அன்று. பொழுது விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறி, ஏறக்குறைய 100 கிலோமீட்டர் கடந்து பெங்களூரில் கூலிவேலை பார்த்து, இருட்டியபின் அதே லைன் வீட்டுக்குத் திரும்புகிறவர் சொல்லும் வாக்கியம் அது. சயனைடு மேட்டிலிருந்து எழும் தூசி அவர் வீட்டுக்கு முன்னதாகவே வந்து சேர்ந்திருக்கும்.