சோபாவில் சிறுநீர் கழிக்கும் பூனை... சேட்டையா, மன அழுத்தமா? கண்டுபிடிப்பது எப்படி?

நேற்றுவரை ஒழுங்காக மணல் தட்டுக்குப் போய்வந்த பூனை, திடீரென சோபாவிலும் பாத்ரூம் தரையிலும் சிறுநீர் கழிக்கிறது. "வேணும்னே பண்ணுது, கொழுப்பு" என்று வீட்டில் திட்டு விழுகிறது. சிலர் அடிக்கவும் செய்கிறார்கள். ஆனால், பூனைகள் பழிவாங்குவதற்காக இப்படிச் செய்வதில்லை. உடம்போ மனசோ சரியில்லை என்பதற்கான அறிகுறி இது. அதுவும் ஆண் பூனை என்றால், கவனிக்காமல் விடுவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

பூனைக்கு அப்படி என்ன டென்ஷன்?

பூனை ஒரு வேட்டை விலங்கு. அதே சமயம், தன்னைவிடப் பெரிய விலங்குகளுக்கு அதுவே இரை. அதனால் வலியையும் பயத்தையும் வெளியே காட்டாமல் மறைப்பது அதன் இயல்பு. பழகிய இடம், பழகிய நேரம், பழகிய வாசனை இருந்தால்தான் அதற்கு நிம்மதி. வீடு மாறுவது, புது பெயின்ட் வாசனை, விருந்தாளிகள், இன்னொரு பூனை வருவது, தீபாவளி வெடிச்சத்தம்... ஏன், சோபாவை இடம் மாற்றிப் போடுவதுகூட சில பூனைகளுக்குப் பெரிய விஷயம்தான்.

அமெரிக்காவின் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-ல் வெளியிட்ட ஆய்வு இதை உறுதிசெய்தது. பராமரிப்பவர் மாறுவது, வழக்கமான நேரம் தவறுவது போன்ற மாற்றங்கள் வந்தபோது, ஆரோக்கியமான பூனைகளும்கூட சரியாகச் சாப்பிடவில்லை. தட்டுக்கு வெளியே சிறுநீர், மலம் கழித்தன.

என்னென்ன அறிகுறிகள்?

* கட்டிலுக்கு அடியிலோ பீரோவுக்குப் பின்னாலோ நாள் முழுக்க ஒளிந்திருப்பது
* சாப்பாடு குறைவது
* வயிறு, தொடைப் பகுதியில் முடி கொட்டும் அளவுக்கு நக்குவது
* தொட்டாலே சீறுவது, பிராண்டுவது
* மணல் தட்டுக்கு வெளியே சிறுநீர், மலம் கழிப்பது

'குர்குர்'னு சத்தம் போடுது, அப்போ சந்தோஷமா இருக்குன்னு அர்த்தம் என நினைக்க வேண்டாம். வலியில் இருக்கும் பூனையும் அப்படிச் சத்தம் எழுப்பும். இந்த அறிகுறிகள் வேறு நோய்களாலும் வரலாம் என்பதால், முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுவதே சரி.

எப்போது உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்?

மன அழுத்தம் பூனையின் சிறுநீர்ப்பையையும் பாதிக்கும். கிருமித் தொற்று எதுவும் இல்லாமலேயே சிறுநீர்ப்பையில் அழற்சி ஏற்பட்டு, வலியும் எரிச்சலும் வரும். ஆண் பூனையின் சிறுநீர்க்குழாய் மிகக் குறுகலானது. அழற்சியால் உருவாகும் கசடும் படிகங்களும் அதில் அடைத்துக்கொண்டால் சிறுநீர் வெளியேறாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, சிறுநீரகமும் இதயமும் பாதிக்கப்படும். ஓரிரு நாளிலேயே உயிர் போகலாம்.

பூனை திரும்பத் திரும்பத் தட்டுக்குப் போய் முக்குகிறதா? சொட்டுதான் வருகிறதா, அல்லது ஒன்றுமே வரவில்லையா? கத்துகிறதா? 'மலச்சிக்கலா இருக்கும், காலையில பாத்துக்கலாம்' என்று காத்திருக்கக் கூடாது. வலிக்காக பாராசிட்டமால் கொடுப்பது அதைவிட ஆபத்து. அந்த மாத்திரை பூனைக்கு விஷம்.

மன அழுத்தத்தைக் குறைப்பது எப்படி?

மணல் தட்டு: பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும். 2 பூனை என்றால் 3 தட்டு, அதுவும் வெவ்வேறு இடங்களில். சாப்பாட்டுக் கிண்ணத்துக்கும் வாஷிங் மெஷினுக்கும் பக்கத்தில் வைக்க வேண்டாம். தினமும் அள்ளிச் சுத்தம் செய்வது அவசியம்.

அட்டைப்பெட்டி: காசு செலவில்லாத மருந்து. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகம் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், காப்பகத்துக்குப் புதிதாக வந்த 19 பூனைகளில், ஒளிந்துகொள்ளப் பெட்டி கிடைத்தவை மற்றவற்றைவிட சீக்கிரம் இயல்புக்குத் திரும்பின.

உயரமான இடம்: அலமாரியின் மேல்தட்டு, ஜன்னல் திண்டு போன்ற இடங்களில் ஏறி உட்கார்ந்தால் பாதுகாப்பாக உணரும். மாடி வீடு என்றால் ஜன்னலுக்கும் பால்கனிக்கும் வலை அடிப்பது நல்லது.

புது பூனை வந்தால்: முதல் நாளே நேருக்கு நேர் விடக் கூடாது. தனி அறையில் வைத்து, ஒன்று படுத்த துணியை இன்னொன்றின் பக்கத்தில் வைத்து, முதலில் வாசனையைப் பழக்க வேண்டும்.

விளையாட்டு: கயிறு, இறகு போன்றவற்றைத் துரத்தவிட்டு தினமும் 10 நிமிடம் விளையாடி, முடிந்ததும் சாப்பாடு கொடுக்கலாம். கயிறை விழுங்கினால் குடலில் சிக்கிவிடும் என்பதால், பிறகு எடுத்து வைத்துவிட வேண்டும்.

தீபாவளி நேரம்: கதவு, ஜன்னலைச் சாத்தி, உள்ளறையில் பெட்டியும் தண்ணீரும் மணல் தட்டும் வைத்துவிடலாம். ஒளிந்திருக்கும் பூனையை வெளியே இழுக்கக் கூடாது. பயம் தணிந்ததும் தானாக வரும்.

சோபாவில் போன இடத்தை பினாயில் ஊற்றிக் கழுவ வேண்டாம். அதில் உள்ள ரசாயனங்கள் பூனைக்கு நஞ்சு. காலில் ஒட்டியதை நக்கினாலே பாதிப்பு வரும். சோப்புத் தண்ணீரே போதும். வாசனை போகவில்லை என்றால், செல்லப்பிராணி கடைகளில் கிடைக்கும் என்சைம் கிளீனரைப் பயன்படுத்தலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அடிக்க வேண்டாம். ஏற்கெனவே பயந்திருக்கும் பூனை, அடி வாங்கினால் இன்னும் பயப்படும், பிரச்னையும் கூடும். அடுத்த முறை சோபா நனைந்திருந்தால், 'ஏன் இப்படிப் பண்ணுது?' என்று கோபப்படுவதற்கு முன், 'கடைசியா எப்போ ஒழுங்கா சிறுநீர் போச்சு? வீட்டுல என்ன மாறிச்சு?' என்று யோசிப்பது ஓர் உயிரைக் காப்பாற்றலாம்.