யார் மாற்றியது? இணையக் கடைக் கணக்கின் செயற்பாட்டுப் பதிவைப் படிப்பது எப்படி

பனையோலைப் பெட்டி, ஒடியல் மா, மிளகாய்த்தூள், கருவாடு என்று வீட்டில் இருந்தபடி விற்பவர்கள் பலர் இப்போது இணையத்துக்கு வந்துவிட்டார்கள். கடை ஒருவரின் பெயரில் இருக்கும். கடவுச்சொல் நாலு பேரின் கையில் இருக்கும். கணக்கைத் திறந்தது கனடாவில் இருக்கும் மருமகன், படம் ஏற்றுவது பக்கத்து வீட்டுப் பிள்ளை, ஓடர் பார்ப்பது அம்மா. வரவேண்டிய பணம் வராத நாளில் "யார் மாற்றியது?" என்ற கேள்வி வருகிறது. விடை தெரியாமல் சந்தேகம் வீட்டுக்குள்ளேயே சுற்றுவதை, செய்தி சேகரிக்கப் போன இடங்களில் நான் பார்த்திருக்கிறேன். ஆனால் விடையின் பெரும்பகுதி பெரும்பாலும் அந்தத் தளத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். செயற்பாட்டுப் பதிவு என்றும் ஓடிட் லொக் என்றும் அதைச் சொல்வார்கள்.

எங்கள் மக்களுக்குப் "பதிவு" என்ற சொல்லே ஒவ்வாது. முகாமிலும் சோதனைச் சாவடியிலும் எழுதப்பட்டவை மற்றவர்கள் எங்களைப் பற்றி வைத்திருந்த பதிவுகள். இது எங்கள் கணக்கைப் பற்றியது; திறந்து பார்க்கும் உரிமையும் எங்களுடையது.

பதிவில் என்ன இருக்கும்?

ஒரு நல்ல பதிவு நான்கு விடயங்களைச் சொல்லும்: எந்தப் பயனர், என்ன செய்தார், எப்போது செய்தார், எந்தக் கருவி அல்லது ஐபி முகவரியில் இருந்து செய்தார். சில தளங்கள் பழைய பெறுமதியையும் புதிய பெறுமதியையும் சேர்த்தே காட்டும். விலை மாற்றம், படம் மாற்றம் எல்லாவற்றையும் துருவ வேண்டியதில்லை. முதலில் ஐந்தைத் தேடுங்கள்: மின்னஞ்சல் முகவரி, கடவுச்சொல், பணம் போய்ச் சேரும் வங்கிக் கணக்கு, புதிதாகச் சேர்க்கப்பட்ட பயனர், புதிதாக இணைக்கப்பட்ட செயலி.

எங்கே பார்ப்பது?

ஷொப்பிஃபையில் கடையின் அமைப்புகளுக்குள் பொதுப் பகுதியில் செயற்பாட்டுப் பதிவு உண்டு. ஒவ்வொரு ஓடரின் கீழும் அதற்கு நடந்தவை நேர வரிசையில் இருக்கும். ஷொப்பிஃபையின் சொந்தக் கொடுப்பனவுச் சேவை இலங்கையில் இல்லாததால், கடை வெளிநாட்டு உறவினரின் பெயரிலும் அவரது வங்கிக் கணக்கிலும் இயங்குவது உண்டு. அப்படியானால் இந்தப் பதிவைப் பார்க்கும் அனுமதியை இங்கிருப்பவருக்கும் கேட்டு வாங்குங்கள்.

வூகொமர்ஸ் ஓடரின் நிலை மாற்றங்களைக் குறிப்பாக எழுதி வைக்கும். ஆனால் வேர்ட்பிரஸ் தானாக முழுப் பதிவு வைப்பதில்லை. அதற்குத் தனிச் செருகி வேண்டும். செருகி போட்ட நாளுக்கு முன் நடந்தது அதில் வராது.

எந்தக் கடைக்கும் உண்மையான திறப்பு மின்னஞ்சல்தான். கணினியில் ஜிமெயிலைத் திறந்து, பக்கத்தின் அடியில் வலப்புறம் உள்ள விவரங்கள் என்பதை அழுத்தினால், கடைசியாக நுழைந்த சில தடவைகளும் ஐபி முகவரிகளும் தெரியும். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதி கடந்த 28 நாட்களின் பாதுகாப்பு நிகழ்வுகளைக் காட்டும். முகநூலில் கடவுச்சொல், பாதுகாப்புப் பகுதியில் எங்கெங்கே கணக்குத் திறந்திருக்கிறது என்று பார்க்கலாம். வட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்களைப் பாருங்கள்.

நேரத்தைச் சரியாக வாசியுங்கள்

பல பதிவுகள் யூடிசி எனப்படும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். இலங்கை நேரம் அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முந்தியது. ஓர் உதாரணம்: ஜூன் 14, 19:05 புதிய கருவியில் நுழைவு, 19:11 மின்னஞ்சல் மாற்றம், 19:18 வங்கிக் கணக்கு மாற்றம். இங்கே அது ஜூன் 15 அதிகாலை 12:35, 12:41, 12:48. பின்னேரம் ஏழு மணிக்குக் கடையில் இருந்த பிள்ளையைக் கேள்வி கேட்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. வரிசையும் முக்கியம். மின்னஞ்சலை மாற்றிய ஏழாவது நிமிடத்தில் வங்கிக் கணக்கை மாற்றுவது, தவறுதலாகக் கை பட்டதாகத் தெரியவில்லை.

இடத்தை வைத்து ஆளைப் பிடிக்காதீர்கள்

ஐபி முகவரி காட்டும் ஊர் வெறும் மதிப்பீடு. கிளிநொச்சியில் டேட்டா போட்டுப் பாவிப்பவரைப் பதிவு கொழும்பில் இருப்பதாகக் காட்டலாம். கைபேசி வலையமைப்பில் ஒரே முகவரியைப் பலர் பகிர்வதும் வழமை. "கொழும்பு என்று காட்டுது, அங்கே இருப்பது தம்பிதானே" என்று முடிவு கட்டினால், ஒரு குடும்பம் வீணாக உடையும்.

மாற்றம் தெரிந்தால்

முதலில் பதிவின் ஸ்கிரீன் ஷொட்டை எடுங்கள்; திகதியும் நேரமும் தெரிய வேண்டும். பிறகு வேறொரு பாதுகாப்பான கருவியில் இருந்து மின்னஞ்சலின் கடவுச்சொல்லையும், அடுத்துக் கடையின் கடவுச்சொல்லையும் மாற்றி, எல்லாக் கருவிகளில் இருந்தும் வெளியேறுங்கள். தெரியாத பயனரையும் செயலியையும் நீக்குங்கள். கடவுச்சொல் மாறினாலும் செயலியின் அனுமதி தொடர்ந்து இருக்கக்கூடும். மின்னஞ்சலில் தானாக முன்னனுப்பும் அமைப்பும் வடிகட்டியும் உண்டா என்று பாருங்கள். எச்சரிக்கைக் கடிதங்களை ஒளிப்பதற்கு அவற்றைத்தான் பாவிப்பார்கள். தளத்துக்கும் வங்கிக்கும் உடனே எழுத்தில் அறிவியுங்கள்.

அனுமதியின்றி ஒருவரின் கணினிக்குள் நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின்படி குற்றம். தொழில்நுட்ப உதவிக்கு இலங்கை சேர்ட்டை 101 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். பொலிஸில் முறைப்பாடு செய்யப் போகும்போது பதிவின் பிரதியைக் கையில் கொண்டு போங்கள். முழுக் கைபேசியையும் திறந்து கொடுக்க மனமில்லாதவர்களுக்கு அந்தக் கடதாசி உதவும்.

ஆளுக்கொரு கணக்கு

பகிர்ந்த கடவுச்சொல்லோடு எந்தப் பதிவும் முழு உண்மையைச் சொல்லாது. அம்மாவின் பெயரில் நாலு பேர் நுழைந்தால், நாலு பேர் செய்ததும் அம்மா செய்ததாகவே எழுதப்படும். தளம் இடம் தந்தால் ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் கணக்குக் கொடுங்கள். வங்கிப் பகுதியைத் தொடும் அனுமதி ஒருவருக்கோ இருவருக்கோ போதும். இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போடுங்கள். மாதம் ஒரு தடவை எல்லோரும் சேர்ந்திருந்து பதிவைப் பார்த்துப் பிரதி எடுத்து வையுங்கள். பழைய வரிகள் எப்போதும் இருக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. இதை நம்பிக்கையின்மை என்று யாரும் எடுக்க வேண்டாம். குற்றம் செய்யாத பிள்ளையைக் காப்பாற்றப்போவதும் அந்த வரிகள்தான்.