முன்னறிவிப்புப் பணி அட்டவணைச் சட்டங்களும் அட்டவணை மென்பொருளும்

முன்னறிவிப்புப் பணி அட்டவணைச் சட்டங்கள் என்பவை, மணிக்கூலிக்கு வேலை செய்யும் ஊழியர்களுக்கு அவர்களது வேலை நாட்களையும் நேரங்களையும் குறிப்பிட்ட காலத்துக்கு முன்பே எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும் என்றும், அறிவித்தபின் முதலாளி அவற்றை மாற்றினால் ஊழியருக்கு ஈட்டுத்தொகை வழங்க வேண்டும் என்றும் விதிக்கும் தொழிலாளர் சட்டங்கள் ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் 2014 முதல் சில நகரங்களும் ஒரிகன் மாநிலமும் இத்தகைய சட்டங்களை இயற்றியுள்ளன. நியூயார்க் நகரம், சிக்காகோ, பிலடெல்பியா ஆகியவற்றில் இது நியாயமான பணிவாரச் சட்டம் என்ற பொருள்படும் பெயராலும், சியாட்டிலில் உறுதியான அட்டவணைச் சட்டம் என்ற பொருள்படும் பெயராலும் அழைக்கப்படுகிறது.

பெரிய நிறுவனங்களில் பணி அட்டவணைகள் மென்பொருள் மூலமே உருவாக்கப்படுவதால், இச்சட்டங்களைப் பின்பற்றுவது பெருமளவுக்கு மென்பொருளை அமைக்கும் முறையைப் பொறுத்துள்ளது. வழக்கமான அட்டவணை மென்பொருள் இந்த நொடியில் உள்ள நிலையை மட்டும் காட்டுகிறது. சட்டமோ அட்டவணையை ஊழியருக்கு ஒரு தேதியில் கொடுக்கப்பட்ட வாக்காகக் கருதுகிறது. இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடே இத்துறையில் எழும் பெரும்பாலான சிக்கல்களுக்குக் காரணம் ஆகும்.

பின்னணி

சில்லறை விற்பனைக் கடைகளும் துரித உணவகங்களும் முந்தைய விற்பனை, வானிலை, விடுமுறை நாட்கள் முதலியவற்றைக் கொண்டு வாடிக்கையாளர் வருகையை முன்கணித்து, அதற்கேற்ப ஊழியர் எண்ணிக்கையைக் கூட்டிக் குறைக்கும் மென்பொருள்களைப் பயன்படுத்தி வருகின்றன. இதனால் சம்பளச் செலவு குறைகிறது. ஆனால் அடுத்த வாரம் எந்த நாளில் எத்தனை மணி நேரம் வேலை இருக்கும் என்பது ஊழியருக்குத் தெரியாமல் போகிறது. குழந்தையைக் காப்பகத்தில் விடுவது, கல்லூரி வகுப்புக்குச் செல்வது, இரண்டாவது வேலை பார்ப்பது, மாத வருமானத்தைத் திட்டமிடுவது ஆகிய அனைத்தும் இதனால் பாதிக்கப்படுகின்றன.

இரண்டு நடைமுறைகள் குறிப்பாகக் கண்டனத்துக்கு உள்ளாயின. ஒன்று, வேலை உண்டா இல்லையா என்பதை அறிய அழைப்புக்காகக் காத்திருக்க வைக்கும் ஷிப்டு. மற்றொன்று, இரவு கடையை மூடிய ஊழியரே மறுநாள் அதிகாலையில் வந்து திறக்கும்படி அமைக்கப்படும் ஷிப்டு. இது ஆங்கிலத்தில் மூடுதல், திறத்தல் என்ற சொற்களை இணைத்து குளோப்பனிங் என அழைக்கப்படுகிறது.

2014 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் ஸ்டார்பக்ஸ் ஊழியர் ஒருவரின் நிலையற்ற பணிநேரம் பற்றி விரிவான செய்திக் கட்டுரை வெளியிட்டது. அந்நிறுவனம் குரோனோஸ் நிறுவனத்தின் அட்டவணை மென்பொருளைப் பயன்படுத்தி வந்தது. கட்டுரை வெளிவந்த உடனேயே ஸ்டார்பக்ஸ் தனது அட்டவணை முறையை மாற்றுவதாக அறிவித்தது. குரோனோஸ் 2020 இல் அல்டிமேட் சாப்ட்வேர் நிறுவனத்துடன் இணைந்து யூகேஜி ஆனது. 2015 ஏப்ரலில் நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர் 13 சில்லறை விற்பனை நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதி, அழைப்புக்குக் காத்திருக்கும் ஷிப்டுகள் பற்றி விளக்கம் கேட்டார்.

சட்டங்களின் பரவல்

* சான் பிரான்சிஸ்கோ: 2014 இல் இயற்றப்பட்டு 2015 இல் நடைமுறைக்கு வந்தது. இவ்வகையில் முதல் நகரச் சட்டம் இதுவாகும். தொடர் சில்லறைக் கடைகளுக்குப் பொருந்தும்.
* எமரிவில், சியாட்டில்: 2017 ஜூலை 1. சியாட்டில் சட்டம் உலகளவில் 500 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்களைக் கொண்ட சில்லறை விற்பனை, உணவு நிறுவனங்களுக்குப் பொருந்தும்.
* நியூயார்க் நகரம்: 2017 நவம்பர் 26. துரித உணவகங்களுக்கு 14 நாள் முன்னறிவிப்பும், சில்லறைக் கடைகளுக்கு 72 மணி நேர முன்னறிவிப்பும் தேவை.
* ஒரிகன்: 2018 ஜூலை 1. மாநில அளவிலான முதல் சட்டம். தொடக்கத்தில் 7 நாளாக இருந்த முன்னறிவிப்பு 2020 ஜூலை 1 முதல் 14 நாள் ஆனது.
* பிலடெல்பியா: 2020 ஏப்ரல் 1. ஈட்டுத்தொகை விதி கொரோனாத் தொற்றின் காரணமாக 2021 ஜூன் வரை தள்ளிவைக்கப்பட்டது.
* சிக்காகோ: 2020 ஜூலை 1. மருத்துவம், விடுதி, உற்பத்தி, கிடங்கு ஆகிய துறைகளையும் உள்ளடக்கியது.
* லாஸ் ஏஞ்சலஸ் நகரம்: 2023 ஏப்ரல் 1. உலகளவில் 300 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்களைக் கொண்ட சில்லறை விற்பனை நிறுவனங்களுக்குப் பொருந்தும்.

இதற்கு மாறாக, ஜோர்ஜியா உள்ளிட்ட சில மாநிலங்கள் தம் எல்லைக்குள் உள்ள நகரங்கள் இத்தகைய சட்டங்களை இயற்றுவதைத் தடை செய்துள்ளன.

மென்பொருளில் அமைக்க வேண்டியவை

சட்ட எல்லை

எந்த விதி பொருந்தும் என்பதை ஊழியர் வேலை செய்யும் இடமே தீர்மானிக்கிறது. தலைமை அலுவலகம் இருக்கும் மாநிலத்தைக் கொண்டு முடிவு செய்யக்கூடாது. எனவே ஒவ்வொரு கடைக்கும் நகரம், மாநிலம், தொழில்துறை ஆகியவற்றைத் தனித்தனிப் புலங்களாகப் பதிவு செய்ய வேண்டும். அஞ்சல் முகவரியில் லாஸ் ஏஞ்சலஸ் என்று இருந்தாலும் கடை நகர எல்லைக்கு வெளியே அமைந்திருக்கலாம். ஆகவே அஞ்சல் குறியீட்டை மட்டும் நம்புவது தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும். லாஸ் ஏஞ்சலஸ் சட்டம் ஒரு வாரத்தில் 2 மணி நேரம் அந்நகருக்குள் வேலை செய்பவரையும் உள்ளடக்குகிறது. ஆதலால் வேறு கடையிலிருந்து உதவிக்கு அனுப்பப்படும் ஊழியரின் ஷிப்டுக்கு, அவருடைய சொந்தக் கடையின் விதியைப் பயன்படுத்தக்கூடாது.

ஊழியர் எண்ணிக்கை வரம்பு பல சட்டங்களில் உலகளவில் கணக்கிடப்படுவதால், ஒரு கிளையின் மென்பொருள் அதைத் தானாகக் கண்டறிய முடியாது. நிறுவனம் பொருந்துமா என்பதைச் சட்ட அறிஞர் முடிவு செய்து உள்ளிடுவதே முறையாகும்.

ஒவ்வொரு விதிக்கும் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் இருக்க வேண்டும். ஒரிகனில் 7 நாள் 14 நாளாக மாறியதும், சிக்காகோவின் ஊதிய வரம்பு ஆண்டுதோறும் திருத்தப்படுவதும் இதற்கு எடுத்துக்காட்டுகள். பழைய மதிப்பை அழித்துப் புதியதை எழுதினால், முந்தைய ஆண்டின் கணக்கைப் பின்னர் சரிபார்க்க இயலாது.

வெளியிடப்பட்ட பதிப்பு

மேலாளர் வரைவாக வைத்திருக்கும் அட்டவணையும் ஊழியருக்கு வெளியிடப்பட்ட அட்டவணையும் வெவ்வேறானவை. வெளியிடும் பொத்தானை அழுத்திய நொடியில் அந்த அட்டவணை மாற்ற இயலாத பதிப்பாக, நேர முத்திரையுடன் சேமிக்கப்பட வேண்டும். பின்னர் ஏற்படும் மாற்றங்கள் அதன் மேல் சேர்க்கப்படும் தனிப் பதிவுகளாக அமைய வேண்டும். பழைய நேரத்தின் மேல் புதிய நேரத்தை மேலெழுதும் மென்பொருளில், சட்டம் மீறப்பட்டதா என்று கண்டறியவே வழி இருக்காது.

கெடுவைக் கணக்கிடும்போது அட்டவணையின் முதல் நாளிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். திங்கட்கிழமை தொடங்கும் வாரத்துக்கான அட்டவணையை, அதற்கு இரண்டு வாரங்களுக்கு முந்தைய திங்கட்கிழமைக்குள் வெளியிட வேண்டும். அதற்கு மூன்று நாட்களுக்கு முன்பே மேலாளருக்கு நினைவூட்டல் செல்லுமாறு அமைப்பது நல்ல வழக்கம் ஆகும்.

மாற்றப் பதிவேடு

ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின்வருவன பதிவாக வேண்டும்:

* பழைய நேரம், புதிய நேரம்
* மாற்றம் ஊழியருக்கு அறிவிக்கப்பட்ட நேரம்
* மாற்றத்தைக் கோரியவர் மேலாளரா, ஊழியரா என்பது
* காரணம்
* ஊழியரின் எழுத்து மூல ஒப்புதல் அல்லது மறுப்பு

இவற்றுள் மூன்றாவது மிகவும் முக்கியமானது. ஊழியர் தாமே விடுப்புக் கேட்டாலோ, இரு ஊழியர்கள் தமக்குள் ஷிப்டை மாற்றிக் கொண்டாலோ பொதுவாக ஈட்டுத்தொகை இல்லை. இயற்கைப் பேரிடர், மின்தடை போன்றவற்றுக்கும் விலக்கு உண்டு. இதனால் எல்லா மாற்றங்களையும் 'ஊழியர் கோரிக்கை' என்று குறித்துவிடும் தூண்டுதல் மேலாளருக்கு ஏற்படலாம். இதைத் தடுக்க, அந்தக் காரணம் ஊழியரின் சொந்தக் கணக்கிலிருந்து, மாற்றத்துக்கு முன்பாக வந்த கோரிக்கையுடன் இணைக்கப்பட்டால் மட்டுமே ஏற்கப்படும்படி அமைக்கலாம். காரணப் பட்டியலில் எந்தத் தெரிவும் இயல்பிருப்பாக வைக்கப்படக்கூடாது.

ஈட்டுத்தொகைக் கணிப்பு

நியூயார்க் நகரத் துரித உணவகங்களில் ஒரு மாற்றத்துக்கான ஈட்டுத்தொகை நிலையான தொகையாகும்:

* 14 நாளுக்குக் குறைவாகவும் 7 நாளுக்குக் குறையாமலும் அறிவித்தால்: நேரம் கூடினால் 10 டாலர், மொத்த நேரம் மாறாவிட்டால் 10 டாலர், குறைந்தால் 20 டாலர்
* 7 நாளுக்குக் குறைவாக அறிவித்தால்: முறையே 15, 15, 45 டாலர்
* 24 மணி நேரத்துக்குக் குறைவாக அறிவித்தால்: முறையே 15, 15, 75 டாலர்

சியாட்டில், ஒரிகன், லாஸ் ஏஞ்சலஸ் ஆகியவற்றில் ஈட்டுத்தொகை ஊழியரின் மணிக்கூலியைப் பொறுத்தது. நேரம் கூட்டப்பட்டால் ஒரு மணி நேரக் கூலி கூடுதலாகவும், குறைக்கப்பட்டால் இழந்த நேரத்துக்குப் பாதிக் கூலியும் வழங்கப்பட வேண்டும்.

எடுத்துக்காட்டாக, மணிக்கு 24 டாலர் பெறும் ஊழியரின் 8 மணி நேர ஷிப்டு மூன்று நாட்களுக்கு முன் 5 மணி நேரமாகக் குறைக்கப்படுகிறது எனக் கொள்வோம். சியாட்டிலில் 3 × 24 × 0.5 = 36 டாலர், நியூயார்க் துரித உணவகத்தில் 45 டாலர், சான் பிரான்சிஸ்கோவில் ஒரு மணி நேரக் கூலியான 24 டாலர் ஈட்டுத்தொகையாகும்.

சிறு மாற்றங்களுக்கான வரம்பும் வேறுபடுகிறது. ஒரிகனில் 30 நிமிடம் வரை கூட்டினால் ஈட்டுத்தொகை இல்லை. லாஸ் ஏஞ்சலஸில் இந்த வரம்பு 15 நிமிடம் ஆகும்.

ஓய்வு இடைவெளி

இரு ஷிப்டுகளுக்கு இடையே தேவைப்படும் ஓய்வு நியூயார்க் துரித உணவகங்களிலும் எமரிவில்லிலும் 11 மணி நேரம், சியாட்டில், ஒரிகன், சிக்காகோ, லாஸ் ஏஞ்சலஸ் ஆகியவற்றில் 10 மணி நேரம், பிலடெல்பியாவில் 9 மணி நேரம். ஊழியர் இதற்குக் குறைந்த இடைவெளியில் வேலை செய்ய மறுக்கலாம். அவர் ஒப்புக்கொண்டு செய்தால் கூடுதல் தொகை உண்டு.

மேற்கண்ட ஊழியர் இரவு 11 மணிக்குக் கடையை மூடி, மறுநாள் காலை 6 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை வேலை செய்தால் இடைவெளி 7 மணி நேரம். அவருக்குச் சேர வேண்டிய கூடுதல் தொகை வருமாறு:

* சியாட்டில், ஒரிகன்: ஓய்வில் குறைந்த 3 மணி நேரத்துக்கு மட்டும் ஒன்றரை மடங்கு, கூடுதல் 36 டாலர்
* லாஸ் ஏஞ்சலஸ்: இரண்டாவது ஷிப்டு முழுவதற்கும் ஒன்றரை மடங்கு, கூடுதல் 96 டாலர்
* சிக்காகோ: இரண்டாவது ஷிப்டு முழுவதற்கும் ஒன்றேகால் மடங்கு, கூடுதல் 48 டாலர்
* நியூயார்க் துரித உணவகம்: 100 டாலர்
* பிலடெல்பியா: 40 டாலர்

ஒரே இரவுக்கு ஐந்து வெவ்வேறு விடைகள் கிடைப்பதால், கணிப்பு வாய்பாட்டை நிரலுக்குள் நேரடியாக எழுதாமல் விதி அட்டவணையில் வைப்பது அவசியமாகிறது.

இடைவெளியைக் கடிகார நேரத்தைக் கழித்துக் கணக்கிடக்கூடாது. மார்ச் மாதத்தில் பகலொளி சேமிப்பு நேரம் தொடங்கும் இரவில், 11 மணிக்கும் காலை 9 மணிக்கும் இடையே உண்மையில் 9 மணி நேரமே உள்ளது. எனவே நேரங்களை ஒருங்கிணைந்த அனைத்துலக நேரத்தில் சேமித்து, காட்டும்போது மட்டும் உள்ளூர் நேரத்துக்கு மாற்ற வேண்டும்.

கூடுதல் மணி நேரம் வழங்கல்

சியாட்டில், நியூயார்க் துரித உணவகங்கள், லாஸ் ஏஞ்சலஸ், பிலடெல்பியா முதலிய இடங்களில் புதிய ஆட்களை எடுக்கும் முன், கிடைக்கும் நேரத்தை ஏற்கனவே உள்ள ஊழியர்களுக்கு வழங்க முன்வர வேண்டும். பொதுவாக மூன்று நாட்கள் அல்லது 72 மணி நேரம் அறிவிப்பு இருக்க வேண்டும். ஆட்சேர்ப்பு மென்பொருள் அட்டவணை மென்பொருளுடன் இணைக்கப்படாவிட்டால் இவ்விதி எளிதில் மீறப்படும். அறிவிப்பு முடியும் வரை விளம்பரம் வெளியிடும் வசதியைப் பூட்டி வைப்பது ஒரு தீர்வு.

நடைமுறைச் சிக்கல்கள்

மென்பொருளுக்கு வெளியே நடக்கும் மாற்றங்களே மிகப் பெரிய ஓட்டை ஆகும். மேலாளர் தொலைபேசியிலோ குறுஞ்செய்தியிலோ அழைத்து, 'இன்று ஒரு மணி நேரம் முன்னதாக வா' என்று சொன்னால் அட்டவணையில் எதுவும் மாறுவதில்லை. இதைக் கண்டறிய, வெளியிடப்பட்ட பதிப்பை வருகைப் பதிவுக் கருவியின் நேரங்களுடன் நாள்தோறும் ஒப்பிட்டு, வேறுபாடு உள்ள ஒவ்வொரு ஷிப்டுக்கும் விளக்கம் கேட்க வேண்டும்.

கணிக்கப்பட்ட ஈட்டுத்தொகை அடுத்த சம்பளப் பட்டியலில் தனி வரியாக இடம்பெற வேண்டும். திரையில் எச்சரிக்கை மட்டும் காட்டிவிட்டுச் சம்பள மென்பொருளுக்குத் தகவலை அனுப்பாத அமைப்பு, சட்டமீறலை நிறுவனமே பதிவு செய்து வைத்ததாக முடியும். மாற்றத்தைச் சேமிக்கும் முன்பே அதன் ஈட்டுத்தொகையை மேலாளருக்குக் காட்டினால், தேவையற்ற மாற்றங்கள் குறையும்.

நியூயார்க், சியாட்டில், ஒரிகன், லாஸ் ஏஞ்சலஸ் ஆகியவற்றில் ஆவணங்களை 3 ஆண்டுகள் பேண வேண்டும். மென்பொருள் நிறுவனத்தை மாற்றும்போது பழைய பதிப்புகளையும் மாற்றப் பதிவேட்டையும் சேர்த்தே ஏற்றுமதி செய்ய வேண்டும்.

2022 ஆகஸ்டில் சிப்போட்லே உணவக நிறுவனம், பணிநேர, மருத்துவ விடுப்புச் சட்ட மீறல்கள் தொடர்பாக நியூயார்க் நகரத்துடன் 2 கோடி டாலர் மதிப்பில் உடன்பாடு செய்து கொண்டது. இதனால் ஏறத்தாழ 13,000 ஊழியர்கள் பயன்பெறத் தகுதி பெற்றனர்.

விளைவுகளும் விமர்சனமும்

இச்சட்டங்கள் தொழில் நெகிழ்வைக் குறைக்கின்றன, செலவைக் கூட்டுகின்றன என்று வணிக அமைப்புகள் விமர்சிக்கின்றன. ஊழியர் விரும்பிக் கேட்கும் மாற்றத்துக்குக்கூட ஆவணம் தேவைப்படுவது சுமையாகக் கருதப்படுகிறது. சிறு நிறுவனங்களின் ஊழியர்களுக்குப் பாதுகாப்பு கிடைப்பதில்லை என்பது மறுபக்க விமர்சனம் ஆகும்.

ஜோன் வில்லியம்ஸ், சூசன் லாம்பர்ட், சரவணன் கேசவன் ஆகியோர் கேப் ஆடை நிறுவனத்தின் சான் பிரான்சிஸ்கோ, சிக்காகோ கடைகளில் நடத்தி 2018 இல் வெளியிட்ட ஆய்வில், நிலையான அட்டவணை பின்பற்றப்பட்ட கடைகளில் விற்பனை ஏறத்தாழ 7 விழுக்காடும், உழைப்புத்திறன் 5 விழுக்காடும் உயர்ந்தன. சியாட்டில் சட்டத்தைப் பற்றி 2021 இல் வெளிவந்த ஆய்வு, ஊழியர்களின் பணிநேர நிச்சயமின்மை குறைந்ததையும் உறக்கத்தின் தரம் மேம்பட்டதையும் கண்டறிந்தது.

அட்டவணை உருவாக்கும் நிரல் சம்பளச் செலவை மட்டும் குறைக்குமாறு எழுதப்பட்டால் நிலையற்ற பணிநேரமே விளையும். ஓய்வு இடைவெளியை மீற இயலாத கட்டுப்பாடாகவும், ஈட்டுத்தொகையைச் செலவாகவும் அதே நிரலில் சேர்த்தால், அதுவே நிலையான அட்டவணையைத் தரும்.

இவற்றையும் பார்க்க

* எட்டு மணிநேர வேலை நாள்
* குறைந்தபட்ச ஊதியம்
* தொழிலாளர் சட்டம்
* பகலொளி சேமிப்பு நேரம்