சொல்லுக்கு வந்த பழி

ஜெர்மன் பாஷையில் சிறுமிக்கு 'மேட்ஷென்' என்று பெயர். இலக்கணப்படி அது அஃறிணை. டர்னிப் கிழங்குக்குப் பெண்பால் உண்டு, இளம் பெண்ணுக்கு இல்லை என்று மார்க் ட்வெய்ன் 1880-ல் கேலி செய்தார். நாம் ரொம்பச் சிரிக்க வேண்டாம். பழங்காநத்தத்துத் தெருக்களில் 'அந்தப் புள்ள வந்துச்சு' என்றுதான் பேச்சு. 'வந்தா' என்று சொன்னால் சொல்பவருக்கு ஏதோ கோபம் என்று அர்த்தம்!

மேட்ஷென்னுக்கு மூலம் 'மாக்ட்'. இங்கிலீஷ் 'மெய்டு'க்கு உறவு. இரண்டும் ஆதியில் கன்னிப்பெண்ணைக் குறித்தவை. பிற்பாடு வேலைக்காரி ஆகிவிட்டன. ஏழை வீட்டுப் பெண்கள் வீட்டு வேலைக்குப் போனார்கள், சொல்லும் கூடவே போயிற்று.

இதைவிடப் பரிதாபமானது 'டிர்னே'. 1545-ஆம் வருஷத்து லூதர் பைபிளில், குடத்தோடு கிணற்றடிக்கு வரும் ரெபெக்காள் அழகான ஒரு டிர்னே. நல்ல குடும்பத்துப் பெண், ஈசாக்குக்கு மனைவியாகப் போகிறவள். இன்றைக்கு அந்தச் சொல்லுக்கு விலைமகள் என்று பொருள். புதுப் பதிப்புகளில் அதை எடுத்துவிட்டு மேட்ஷென் என்று போட்டிருக்கிறார்கள். பவேரியாவில் அதன் செல்லப் பெயரான 'டிர்ன்டில்' மானத்தோடு பிழைத்திருக்கிறது; பெண்ணுக்கும் பெயர், அவள் உடைக்கும் பெயர்.

நம்மிடமும் இப்படி விழுந்த சொல் ஒன்று உண்டு: தேவரடியார். ஆண்டவனுக்கு அடியவர் என்பதுதான் பொருள். இந்த மரபில் வந்த பெண்கள் நானூறு பேரை ராஜராஜ சோழன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வரவழைத்தான். கல்வெட்டு அவர்களைத் தளிச்சேரிப் பெண்டுகள் என்கிறது. எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்று பெயர் பெயராக வெட்டியிருக்கிறது. ஆளுக்கு ஒரு வீடு, வருஷத்துக்கு நூறு கலம் நெல். வசவுக்குரியவர்களை யாராவது கோயில் சுவரில் இவ்வளவு அக்கறையாக எழுதி வைப்பார்களா?

பிற்காலத்தில் கோயில் வருமானம் குறைந்தது, பணக்காரர் தயவு தேவைப்பட்டது. தயவு காட்டிய கனவான்களுக்கு அவப்பெயர் எதுவும் வரவில்லை. அது முழுவதும் பெண்ணின் தலையில் விழுந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும், மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் வருஷக்கணக்காகப் போராடினார்கள். 1947-ல் சென்னை மாகாணச் சட்டம் பொட்டுக் கட்டும் வழக்கத்தைத் தடை செய்தது.

சொல் மட்டும் உருச்சிதைந்து தெருவில் நிற்கிறது. குழாயடிச் சண்டையில் ஒருத்தி இன்னொருத்தியை அதைச் சொல்லித் திட்டும்போது, அதற்குள்ளே 'தேவர்' இருப்பது இரண்டு பேருக்குமே தெரியாது.